காமனுக்குக் கட்டிய தகடு

பதுளையில் ஊவா ஆவண, கலாசார மரபுரிமைப் பாதுகாப்புச் சபை என்று ஒன்று இருக்கிறது. பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாதவர்கள் மரபுரிமைச் சபை என்பார்கள். இரண்டு மாடிக் கட்டடம், முகம் தெரிகிற தரை, கண்ணாடி அலுமாரிகள், காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிற இயந்திரம், எல்லாம் உண்டு. ஆவணம்தான் இல்லை. கட்டடத்தை மட்டும் மூன்று தடவை திறந்துவைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வேறொரு பிரமுகர் வந்து ரிப்பன் வெட்டினார். வெட்டிய ரிப்பன்களைக் குப்பையில் போட மனம் வராமல் கண்ணாடி அலுமாரிக்குள் மடித்து வைத்தார்கள். ஜீவராணி நூலகராக வந்து சேர்ந்த அன்று சபையின் மொத்தச் சேகரிப்பும் அந்த ரிப்பன்கள்தான்.

ஜீவராணி அப்புத்தளைக்குக் கீழே ஊத்துக்கான் தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படித்து, அரசாங்க வேலைக்கு வந்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சொந்த மாமன் மகன் தயாபரன், அப்புத்தளை டவுனில் கைபேசி திருத்துகிற கடை வைத்திருக்கிறவன். ஆக, அவளுக்கு அந்த வருடம் இரண்டே ஆசை: வேலை நிலைக்க வேண்டும், தாலி ஏற வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

சபையின் பணிப்பாளர் கலாநிதி தங்கராஜா. இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே அவருக்குச் சொற்பொழிவு வந்துவிடும். ஒரு நாள் ஜீவராணியையும் சாரதியையும் ஒன்றாகக் கண்டவர் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

"பிள்ளை ஜீவராணி, இந்தத் தோட்டத்து மக்களிடம் எவ்வளவு செல்வம் கிடக்கிறது தெரியுமா? தப்பு மேளம், கூத்து, பாட்டு! ஆனால் அவர்களுக்குப் பாதுகாக்கத் தெரியாது. எல்லாவற்றையும் பாவித்துக்கொண்டே இருக்கிறார்கள். இப்படியே விட்டால் பாவித்தே தீர்த்துவிடுவார்கள். அதற்கு முதல் நாங்கள் போய்க் காப்பாற்ற வேண்டும்."

"சரிங்க சேர்," என்றாள் ஜீவராணி.

அவளும் சும்மா இருக்கவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழைய படங்களைச் சேர்த்தாள், பாட்டுகளைப் பதிவு செய்தாள். கொண்டுவந்ததையெல்லாம் களஞ்சியத்தில் திருப்பி அனுப்பினார்கள். சபையில் ஒரு விதி இருந்தது. இலக்கம் பொறித்த அலுமினியத் தகடு கட்டப்படாத பொருள் சபையின் கண்ணில் பொருளே கிடையாது. படத்துக்குத் தகடு கட்டலாம், பாட்டுக்கு எங்கே கட்டுவது? கடைசியில் ஒருவர் அவளுக்குப் புத்தி சொன்னார். எதைப் படம் பிடித்தாலும் அந்தப் பொருளிலேயே தகட்டைக் கட்டிவிட்டுப் பிடி, தகடு படத்தில் விழுந்தால் போதும் என்றார். அவள் நம்பினாள்.

மாசி பிறந்தது. ஊத்துக்கானில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும் நாள் வந்தது. தவத்தில் இருந்த சிவனை எழுப்பப் போய் மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிந்த கதை எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் அதை அரை மாதம் ஆடுவார்கள். மூன்றாம் பிறையன்று பேய்க்கரும்பும் ஆமணக்குக் கிளையும் சேர்த்து, வைக்கோல் பிரி சுற்றி, லயத்துக்குக் கீழே இருக்கிற பொட்டலில் கம்பம் நடுவார்கள். அந்தக் கம்பத்துக்குப் பெயரே காமன். பௌர்ணமியன்று அதைக் கொளுத்துவார்கள். கொளுத்திய மூன்றாம் நாள் காப்பறுப்பு. அதுவரைக்கும் ஆடுகிறவர்கள் கையில் காப்பு இருக்கும், வாயில் மச்ச மாமிசம் படாது, தோட்டத்தை விட்டு வெளியே தங்கக் கூடாது. தோட்டத்தில் யாருக்கும் கல்யாணமும் கிடையாது.

தயாபரன்தான் ரதி. சின்ன வயதில் காய்ச்சலில் பிழைத்ததற்கு அவன் அம்மா வைத்த நேர்த்திக்கடன் அது. மாசி வந்தால் மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டிக்கொள்வான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற தினேஸ் மன்மதன். கூத்தில் இரண்டு பேருக்கும் தாலி கட்டிக் கல்யாணமே நடக்கும். ஜீவராணியின் தோழிகளுக்கு வருடா வருடம் அதில்தான் சிரிப்பு.

கம்பம் ஊன்றியதும் ஜீவராணி சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். எடுப்பதற்கு முன் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்துக் கம்பத்தில் கட்டினாள். கூத்தைப் பழக்குகிற காமன் மாஸ்டர் வீரய்யா, "இது என்னாம்மா, தாயத்தா?" என்று கேட்டார். "ஆபீசு கணக்குக்குங்க மாமா," என்றாள். படிவத்தில் பொருளின் பெயர் என்ற இடத்தில் "காமன்" என்று எழுதினாள். உயரம் அளந்து எழுதினாள். இருக்குமிடம் ஊத்துக்கான் பொட்டல் என்று போட்டாள். படம் எடுத்து முடித்ததும் தகட்டைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை.

பதுளையில் பணிப்பாளர் படிவத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஊழியர்கள் எல்லாரையும் கூட்டினார்.

"தோட்டத்திலிருந்து வந்த முதல் பதிவுப் பொருள்! இந்த நிமிடத்திலிருந்து காமன் அரசாங்கத்தின் சொத்து. ஜீவராணி, அந்தப் பொருள் அங்கே பாதுகாப்பாக இருக்கிறதா?"

"இருக்குங்க சேர்."

"எவ்வளவு காலத்துக்கு இருக்கும்?"

"பௌர்ணமி வரைக்கும் இருக்கும் சேர். அன்னைக்கு எரிச்சிருவாங்க."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் போட்டார்.

"யார் எரிப்பது?"

"சிவன் சேர்."

"அவர் யாராக இருந்தாலும் சரி. பதிவுப் பொருளை எரித்தால் ஐந்து வருடம் உள்ளே இருக்க வேண்டும். பொறுப்பு நூலகருக்கும் வேலை போகும்."

பொறுப்பு நூலகர் என்றால் ஜீவராணி. தகட்டைக் கழற்றிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். தகட்டைக் கழற்றுவது பொருளைத் திருடுவதற்குச் சமம் என்று உள்ளகக் கணக்காய்வாளர் கிருஷாந்தி சொன்னார். கிருஷாந்தி நேர்மையானவர். சபையில் காணாமல் போன ஒரு குண்டூசிக்காக மூன்று பேரின் சம்பள உயர்வை நிறுத்திய அளவுக்கு நேர்மை.

அடுத்த நாளே பொட்டலில் பலகை நட்டார்கள். "தொடாதீர். எரிக்காதீர்." என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மொனராகலையிலிருந்து ஒரு காவலாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வெயிலில் வளர்ந்த மனுசன், அப்புத்தளைப் பனியில் பல் கிட்டிப்போய் விடியற்காலையில் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டினார். பொட்டலில் புகை தெரிந்ததும் காமன்தான் எரிகிறான் என்று முழு லயமும் தப்பை எடுத்துக்கொண்டு ஆசை ஆசையாக ஓடி வந்தது. குளிர்காய்கிற காவலாளியைக் கண்டு திரும்பிப் போனது.

பௌர்ணமி வந்தது. சிவன் வேடம் போட்டவர் நெற்றியில் கண் வரைந்துகொண்டு வந்து நின்றார். பலகையைப் படித்தார். கண்ணை அழித்துவிட்டுப் போனார்.

இதற்கு முன் தோட்டத்தில் இப்படி நடந்ததில்லை. காமன் எரியாமல் காப்பறுக்க முடியாது. காப்பறுக்காமல் கல்யாணம் கிடையாது. பங்குனி முகூர்த்தம் போயிற்று. ஜீவராணியின் அம்மா பாக்கியலெட்சுமி, கொழுந்துக் கூடையை வாசலில் வைத்த கையோடு மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"காதலுக்கு ஒரு சாமி. அந்தச் சாமியப் புடிச்சு ஒங்க ஆபீசு பூட்டி வச்சிருக்கு. எந்தப் புள்ளைக்குடி இந்தத் தோட்டத்துல இனிமே கல்யாணம் நடக்கும்?"

"நான் என்னாம்மா செய்யிறது? நம்பர் கட்டிட்டேன்."

"ஒனக்குக் கட்ட வேண்டிய மாப்பிள இன்னொருத்தனுக்குப் பொண்டாட்டியா நிக்கிறான். அதுக்கு ஒரு நம்பர் கட்டு!"

அது பொய்யில்லை. கூத்துக் கணக்குப்படி தயாபரன் இன்னும் தினேஸின் மனைவி. கடைக்குப் போகும்போது காப்பு தெரியாமல் நீளக் கைச்சட்டை போட்டுக்கொண்டான். ரதிக்கு மீசை ஆகாது, தினமும் மழிக்க வேண்டியிருந்தது. கைபேசி திருத்த வந்தவர்கள் "தங்கச்சி, அண்ணன் எங்க?" என்று கேட்டுவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். கோழிக்கறி வாசம் வந்தால் கடையைப் பூட்டிவிட்டு நடப்பான். ஆனாலும் ஜீவராணியை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகமாக அழவைத்தது.

பணிப்பாளர் மனிதாபிமானம் உள்ளவர். மக்களின் வேதனையைக் கேள்விப்பட்டு வழி ஒன்று சொல்லி அனுப்பினார். சபையின் செலவில் காமனுக்கு ஒரு பிரதி செய்வது, அசலை வைத்துக்கொண்டு பிரதியை எரிப்பது. கொழும்பிலிருந்து பிளாஸ்டிக் கரும்பு வந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த வீரய்யா அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"இத எரிச்சா நாத்தம் அடிக்கும் தம்பி. காமன் எரிய மாட்டான்," என்றார் வந்த அதிகாரியிடம்.

வைகாசி முகூர்த்தமும் போயிற்று. இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. கம்பத்தில் கரையான் ஏறியது. சபை விழித்துக்கொண்டு, மருந்தடிக்கிறவரை அனுப்பியது. கம்பத்தைச் சுற்றிப் பொலித்தீன் கூடாரம் எழுப்பினார்கள். ஈரம் உறிஞ்சுகிற இயந்திரத்தைப் பதுளையிலிருந்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து கூடாரத்துக்குள் வைத்தார்கள். பொட்டலில் மின்சாரம் இல்லாதபடியால் இயந்திரம் ஓடவில்லை. அது நனையாமல் இருக்க ஒரு குடை பிடித்தார்கள். காவலாளி கூடாரத்துக்குள் குடிவந்துவிட்டார், அவருக்கு மட்டும் வசதி.

கூடாரத்தின் வெதுவெதுப்பிலும் மழை ஈரத்திலும் பேய்க்கரும்புக்குக் குஷி பிறந்துவிட்டது. வேர் பிடித்தது. கணுவுக்குக் கணு துளிர் விட்டது. ஆனி தொடக்கத்தில் பரிசோதனைக்கு வந்த கிருஷாந்தி நாடாவைப் போட்டு அளந்து பார்த்துவிட்டு முகம் சிவந்தார்.

"ஜீவராணி! பதிவேட்டில் உள்ள உயரத்தை விடப் பொருள் ஒன்றரை அடி கூடுதலாக இருக்கிறது."

"வளந்துருச்சுங்க மெடம்."

"அரசாங்கப் பொருள் குறைந்தால் குற்றம். கூடினாலும் குற்றம். இந்த மேலதிக ஒன்றரை அடி எங்கிருந்து வந்தது? யார் கொடுத்தது? ஏன் பதியவில்லை? விளக்கம் தர வேண்டும்."

அன்றைக்கு ஜீவராணி பதுளைக்கு பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க அழுதாள். ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு முகூர்த்தம் மிச்சம் இருந்தது. அது போனால் ஆடி. ஆவணியில் தயாபரனுக்குச் சனி தொடங்குகிறது, இரண்டரை வருடம் பேச்சே எடுக்கக் கூடாது என்று சாத்திரி சொல்லிவிட்டார். தயாபரனின் வீட்டில் வேறு இடம் பார்ப்பதாகவும் ஒரு பேச்சு அடிபட்டது. வேறு தோட்டத்தில் போய்த் தாலி கட்டினால் என்ன என்று அவள் ஒரு தடவை கேட்டாள். காப்போடு தாலி கட்டினால் தினேஸ் அல்லவா முதல் புருசன் என்றான் தயாபரன். சிரிக்காமல்தான் சொன்னான்.

படித்த படிப்பு கஷ்டத்தில்தான் ஞாபகம் வரும். நூலகத்தில் எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் காப்பதில்லை. புத்தகம் நிரந்தரம். ஆனால் வாரப் பத்திரிகை, மாதச் சஞ்சிகை என்றால் புது இதழ் வந்ததும் பழையதைக் கழித்துக் கொளுத்தலாம். மறுநாள் காலையில் ஜீவராணி கழித்தல் குழுவின் முன்னால் போய் நின்றாள். குழு என்றால் பணிப்பாளரும் கிருஷாந்தியும், வாக்குரிமை இல்லாத ஒரு தேநீர்க் கோப்பையும்.

காமனை ஏன் கழிக்க வேண்டும் என்று பணிப்பாளர் கேட்டார். உடைந்ததா? இல்லை. பாவனைக்கு உதவாததா? இல்லை. இரண்டு பிரதி இருக்கிறதா? பிளாஸ்டிக்கில் ஒன்று இருக்கிறது, அதைச் சேர்க்க முடியாது. அப்படியென்றால் எரிக்கக் காரணமே இல்லையே என்று அவர் முடிக்கப் போனார்.

"சேர், காமன் புத்தகம் இல்லைங்க. சஞ்சிகை," என்றாள் ஜீவராணி.

"என்ன?"

"வருசா வருசம் மாசியில ஒரு இதழ் வரும். வந்து முடிஞ்சதும் எரிச்சிருவாங்க. அடுத்த மாசிக்கு அடுத்த இதழ். நான்தான் தெரியாம புத்தகம்னு பதிஞ்சிட்டேன்."

பணிப்பாளருக்கு அது பிடித்துப்போயிற்று. புதிய வகை என்றால் புதிய படிவம், புதிய படிவம் என்றால் வெளியீட்டு விழா. அவர் எழுந்து நின்றார். "காமன் எரிந்தானா எரியவில்லையா என்று லாவணி பாடுகிறவர்கள் காலங்காலமாக வாதாடி வருகிறார்கள். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. ஏன்? அதைத் தீர்மானிக்க ஒரு குழு இல்லாமல் இருந்தது. இன்று இருக்கிறது!"

கிருஷாந்தி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "விதி என்ன சொல்கிறது? புது இதழ் கைக்கு வந்த பிறகே பழையதைக் கழிக்கலாம். புதுக் காமன் வருகிற மாசியில்தான் வரும். அதுவரை இதை எரிக்க முடியாது."

வருகிற மாசி வரைக்கும் தயாபரன் ரதியாக இருக்க முடியாது, அவன் வீட்டார் பொறுக்கவும் மாட்டார்கள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். அப்போது மேசையில் இருந்த கோப்பில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: மேலதிகம் ஒன்றரை அடி.

"மெடம், புது இதழ் வந்துருச்சுங்க."

"எங்கே?"

"நீங்க அளந்தீங்களே, அந்த ஒன்றரை அடி. பழைய காமன்லருந்து புதுசா மொளைச்சது. அதுதான் அடுத்த இதழ். முன்கூட்டியே வந்துருச்சு."

கிருஷாந்தி கோப்பில் அந்தச் சிவப்பு வரியை அடித்தார். தீர்க்க முடியாமல் கிடந்த ஒரு கணக்கு தானாகத் தீர்ந்ததைப் பார்க்கிறபோது ஒரு கணக்காய்வாளருக்கு வருகிற சந்தோசத்தை நாம் எல்லாரும் அனுபவிக்க முடியாது. அவர் கண் கலங்கியது என்றுகூட ஜீவராணி பிறகு சொன்னாள். துளிரை வெட்டி எடுத்து, பூச்சட்டியில் நட்டு, பதுளைக்குக் கொண்டுவந்து, தகடு கட்டுவது என்றும், அதன் பிறகு பழைய காமனை எரிக்கலாம் என்றும் குழு தீர்மானித்தது. துளிர் பணிப்பாளரின் வாகனத்தில் முன் ஆசனத்தில் இருக்கைப் பட்டி கட்டிப் பயணம் செய்தது. ஜீவராணி பின்னால் உட்கார்ந்தாள்.

எரிப்பது என்று ஆன பிறகு சபை அதைச் சும்மா விடுமா? ஆனிப் பௌர்ணமியன்று பொட்டலில் மேடை, ஒலிபெருக்கி, கொடி, பொன்னாடை. குத்துவிளக்கு ஏற்றினார்கள். அரை மைல் தூரத்துக்கு வாகனங்கள் நின்றன. பிரதம அதிதியான பணிப்பாளர் தன் கையாலேயே கொளுத்த ஆசைப்பட்டார். கொளுத்துகிறவர் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து மச்சம் தொட்டிருக்கக் கூடாது என்று வீரய்யா சொன்னதும் ஆசையை அடக்கிக்கொண்டார். பதிலுக்குப் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் முன்னோர் காமனை எத்தனையோ தடவை எரித்திருக்கலாம். அவையெல்லாம் அனுமதியில்லாத எரிப்புகள். இன்றுதான் காமன் முதன்முறையாக முறைப்படி எரிகிறான். நாங்கள் மட்டும் தடுக்காமல் இருந்திருந்தால், இந்த எரிப்புக்கு நாங்கள் அனுமதி கொடுத்திருக்க முடியாது என்பதை நீங்கள் நன்றியோடு நினைக்க வேண்டும்."

கைதட்டினார்கள். தட்டாவிட்டால் இன்னும் பேசுவார் என்று பயம்.

சிவன் நெற்றிக்கண்ணோடு வரிசையில் நின்றார். பேச்சுகள் முடிவதற்குள் கண் வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கிவிட்டது. கடைசியில் தப்பு அதிர்ந்தது. தீ வைத்தார்கள். மருந்தடித்த கம்பம் அல்லவா, பச்சையும் நீலமுமாக எரிந்தது. ரதி தலைவிரி கோலமாகப் புரண்டு அழுதாள். தயாபரன் எத்தனையோ வருடம் அழுதிருக்கிறான், அன்றைக்கு மாதிரி அழுததில்லை. பாக்கியலெட்சுமி முதல் முழு லயமும் சேர்ந்து அழுதது. ஜீவராணியும் அழுதாள். அவளுக்கு அது சந்தோசம்.

எரித்ததற்குச் சான்றிதழில் சிவன் கையெழுத்துப் போட்டார். "காமன் என்னும் பொருள் முற்றாக அழிக்கப்பட்டது" என்று கிருஷாந்தி எழுதினார். சாம்பல் ஆறிய பிறகு ஒருமுறை வந்து பார்த்துக் கோப்பை மூட வேண்டும் என்றார். மூன்றாம் நாள் வருவதாகச் சொன்னார். தோட்டத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு நாள் வாருங்கள் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஏனென்றால் மூன்றாம் நாள் காமன் உயிரோடு எழும்பி வருவான். ரதியின் அழுகைக்கு மனம் இரங்கிச் சிவன் கொடுக்கிற உயிர். அதை ஆடி முடித்தால்தான் காப்பு அறுக்கலாம்.

மூன்றாம் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை கல்யாணம். கிருஷாந்தியும் பணிப்பாளரும் பொட்டலில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு சாம்பலைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தப்பு முழங்கியது. கோயில் பக்கத்திலிருந்து தினேஸ் புதுவேட்டியும் கையில் கரும்பு வில்லுமாகத் துள்ளிக்கொண்டு வந்தான். "காமன் வந்துட்டான்! காமன் வந்துட்டான்!" என்று பொடிசுகள் கத்தின.

கிருஷாந்தியின் பேனா நின்றது.

"யார் வந்தது?"

அவர் அழிப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார்.

"அழிக்கப்பட்ட பொருள் திரும்ப இருப்பில் வந்திருக்கிறது. அப்படியென்றால் அழிப்புச் சான்றிதழ் பொய். சேர், இது மோசடி. விசாரணை முடியும் வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. சடங்கை நிறுத்துங்கள்."

பணிப்பாளர் தலையாட்டினார். வீரய்யா காப்பறுக்க எடுத்த கத்தியைக் கீழே வைத்தார். தயாபரன் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி ஜீவராணியைப் பார்த்தான்.

வேலைக்கு வந்த நாள் முதல் "சரிங்க சேர்", "சரிங்க மெடம்" என்றே பெரும்பாலும் பதில் சொன்னவள், எழும்பி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மெடம், ஒங்க கண்ணுக்கு அவரு தெரியுறாருங்களா?"

"என்ன கேள்வி இது? கண்ணுக்கு முன்னால் நிற்கிறான்."

"இல்லைங்க மெடம், சிவன் உயிர் குடுக்கையில ஒண்ணு சொல்லித்தான் குடுத்தாரு. காமன் இனிமே ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான், வேற ஒருத்தர் கண்ணுக்கும் தெரிய மாட்டான்னு. எங்க யாருக்கும் அங்க ஒண்ணும் தெரியல."

கூட்டம் சட்டென்று புரிந்துகொண்டது. தினேஸ் நிற்கிற திசையைப் பார்த்திருந்த அத்தனை தலைகளும் வேறு பக்கம் திரும்பின. கத்திய பொடிசுகளின் வாயைத் தாய்மார் பொத்தினார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்து மழை வரும்போல இருக்கிறது என்றார். காவலாளி, அவருக்குக் கதை தெரியாது, இருந்தாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நடுவில் தினேஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன்னால் முடிந்த அளவுக்கு இல்லாமல் இருக்கப் பார்த்தான்.

"அவனைக் கண்டால் என்ன ஆகும்?" என்று பணிப்பாளர் மெல்லக் கேட்டார்.

வீரய்யா பணிவோடு சொன்னார். "ஒண்ணும் ஆகாதுங்க தொரை. அவனக் காணுறவங்கதான் ரதி. அவ்வளவுதான். சேல கட்டி, மீசைய எடுத்துட்டு, வருசா வருசம் மாசிக்கு வந்து ஆடிட்டுப் போகணும்."

பணிப்பாளரின் கை அவரை அறியாமல் மீசைக்குப் போயிற்று. அறுபது வயதில் அவர் கறுப்புச் சாயம் பூசி வளர்த்து வைத்திருக்கிற மீசை அது.

"எனக்கு ஒன்றும் தெரியவில்லை," என்றார் உரத்த குரலில். "எழுதிக்கொள்ளுங்கள். பணிப்பாளர் எதையும் காணவில்லை."

"சேர், நீங்கள் இப்பொழுதுதான் தலையாட்டினீர்கள்."

"நான் பொதுவாகத் தலையாட்டுகிறவன். நீங்கள் காண்கிறீர்களா, கிருஷாந்தி? காண்பதாக இருந்தால் நீங்கள் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சபை உங்களுக்கு மாசி மாதம் சம்பளத்துடன் விடுமுறை தரும்."

கிருஷாந்தி தினேஸைப் பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்தார். கூட்டம் முழுக்கத் தேயிலைச் செடிகளை ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்து பேனா நழுவிக் கீழே விழுந்தது. தினேஸ் நல்ல வளர்ப்பு. குனிந்து எடுத்து மரியாதையாக நீட்டினான். அவர் அவனைப் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டு, யாருக்கென்று இல்லாமல், "நன்றி" என்றார். கோப்பைத் திறந்து எழுதினார்: நேரில் பரிசோதிக்கப்பட்டது. எதுவும் காணப்படவில்லை. பணிப்பாளர் பக்கத்தில் ஒப்பமிட்டார். கோப்பு மூடப்பட்டது.

தப்பு மறுபடியும் முழங்க, வீரய்யா ரதியின் கையிலிருந்த காப்பை அறுத்தார். தயாபரன் அங்கேயே கூந்தலைக் கழற்றி எறிந்தான். முகப்பூச்சைச் சேலையாலேயே துடைத்துக்கொண்டு நேரே ஜீவராணியிடம் வந்தான். பாதி முகம் இன்னும் ரதியாகத்தான் இருந்தது. பாக்கியலெட்சுமி இந்தப் பக்கம் பார்க்காமல் நகர்ந்து கொடுத்தாள்.

"ராணி, வெள்ளிக்கிழம கல்யாணம். அஞ்சு நாள்தான் இருக்கு. ஒனக்கு லீவு குடுப்பாங்களா? சேர் இங்கதான நிக்கிறாரு, இப்பவே போயிக் கேளு."

வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்த பணிப்பாளரை ஜீவராணி பார்த்தாள்.

"கேக்க மாட்டேன் மச்சான்," என்றாள். "கேட்டா ஃபைல் தொறப்பாங்க."